சென்றது எது? எழுவாயைத் தவறவிட்ட ஓர் இலக்கணத் திருத்தி: நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வு ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றியது.

“ஆய்வுக்குழு உறுப்பினர்கள் அனுப்பிய அறிக்கையில் இருந்த பிழைகள் திருத்தப்பட்டு மீண்டும் அச்சுக்குச் சென்றது.”

நான் எழுதிப் பராமரித்துவந்த இலக்கணத் திருத்தி, இதன் கடைசிச் சொல்லுக்குக் கீழே கோடு போட்டது. எழுவாய் பன்மை, பயனிலை ஒருமை, ‘சென்றன’ என்று மாற்றுக என்றது. மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தவர் பரிந்துரையைச் சொடுக்கினார். கோடு மறைந்தது. வாக்கியம் இப்படி ஆயிற்று:

“ஆய்வுக்குழு உறுப்பினர்கள் அனுப்பிய அறிக்கையில் இருந்த பிழைகள் திருத்தப்பட்டு மீண்டும் அச்சுக்குச் சென்றன.”

திணை பொருந்துகிறது, எண் பொருந்துகிறது. பொருள் கெட்டுவிட்டது. எழுதியவர் அச்சுக்கு அனுப்ப நினைத்தது அறிக்கையை. கருவி அனுப்பிவைத்தது பிழைகளை. அடுத்த சுற்றில் படித்த மூத்த மெய்ப்புத் திருத்துநர் கண்ணில் பட்டதால் தப்பித்தோம். “தம்பி, அச்சுக்குப் போனது அறிக்கையா, பிழையா? உங்க மிஷின் பிழைதான்னு சொல்லுதே” என்றார். எனக்குச் சொல்லப் பதில் இல்லை.

மூல வாக்கியமும் சரியாக இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எழுதியவர் அறிக்கையை மனத்தில் வைத்துக்கொண்டு ‘சென்றது’ என்று முடித்திருக்கிறார். அந்த அறிக்கையோ ‘இல்’ உருபை ஏற்று ஒரு பெயரெச்சத் தொடருக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. எழுவாயாக வெளியே வரவே இல்லை. ஆக, ஏதோ கோளாறு என்று கருவி மோப்பம் பிடித்தது சரி. கோளாறு எங்கே என்பதில்தான் தவறியது. படிப்பவர் தாமே சரிசெய்து புரிந்துகொள்ளக்கூடிய ஒரு தடுமாற்றம், கருவி கைவைத்த பிறகு தவறாக மட்டுமே படிக்கக்கூடிய வாக்கியம் ஆகிவிட்டது. கருவி தவறவிட்ட பிழைக்கு எழுதியவர் பொறுப்பு. கருவி புகுத்திய பிழைக்கு நான்தான் பொறுப்பு.

பழைய விதி

அப்போது கருவியில் இருந்தது வாக்கியப் பகுப்பு என்று சொல்லத்தக்கதே அல்ல. வினைமுற்றைக் கண்டுபிடிக்க வேண்டும். அங்கிருந்து இடப்பக்கமாக நகர வேண்டும். வேற்றுமை உருபு ஏற்காத முதல் பெயர்ச்சொல் எதுவோ அதை எழுவாயாகக் கொண்டு வினையோடு ஒப்பிட வேண்டும். அவ்வளவுதான். தமிழில் வினைமுற்று பெரும்பாலும் கடைசியில் வருவதால் இந்தக் குறுக்குவழி நெடுந்தூரம் கைகொடுக்கும். ‘விவரங்கள் கீழே கொடுக்கப்பட்டுள்ளது’, ‘கோப்புகள் நேற்றே அனுப்பப்பட்டது’ போன்ற வாக்கியங்களை அது தயங்காமல் பிடித்தது. அன்றாட உரைநடையில் அதிகம் கண்ணில் படும் இயைபுப் பிழையும் இதுதான்.

அந்தச் சின்ன விதிக்குள்ளும் சில நுணுக்கங்களைச் சேர்த்திருந்தேன். ‘கள்’ ஏற்காத அஃறிணைப் பெயர் பால்பகாப் பெயர். ‘மரம் வளர்ந்தது’, ‘மரம் வளர்ந்தன’ இரண்டையும் இலக்கணம் ஏற்கிறது. ஆகவே பன்மைப் பெயருக்கு ஒருமை வினை வந்தால் கோடு போடலாம். மறுதலையாக வந்தால் போடக் கூடாது. ‘பறவை பறக்கும்’, ‘பறவைகள் பறக்கும்’ என்னும்போது அஃறிணை எதிர்காலத்தில் எண் வேறுபாடே கிடையாது, அங்கே ஒப்பிட ஒன்றுமில்லை. ‘வேண்டும்’, ‘இல்லை’, ‘உண்டு’ ஆகியவற்றையும் ஒதுக்கிவைத்திருந்தேன்.

வாக்கியத்தின் சொற்கள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்கின்றன என்று காட்டும் முழு மரத்தையும் கட்டாமல் சொல்வரிசையை மட்டும் பார்க்கும் கருவிகளைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் இயங்குதளத்துக்காக 1980-ஐ ஒட்டி உருவான ரைட்டர்ஸ் ஒர்க்பெஞ்ச் அப்படித்தான் தொடங்கியது. 2003-இல் டேனியல் நாபரின் பட்ட ஆய்வேடாகப் பிறந்த லாங்குவேஜ்டூலும் சொல்வகை குறித்த சொற்களின் வரிசையைத்தான் விதிகளோடு பொருத்திப் பார்க்கிறது. நிரல் எழுதத் தெரியாத மொழி ஆர்வலரும் விதியைப் படித்துக் குறை சொல்லலாம், திருத்தலாம். ஆனால் எழுவாயும் பயனிலையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்வரைதான் அந்த வழி செல்லும். நம் வாக்கியத்தில் எழுவாய் பக்கத்திலும் இல்லை, தொலைவிலும் இல்லை. எழுதப்படவே இல்லை.

சொல் சொல்லாக

வாக்கியத்தைப் பகுத்து அந்த மரத்தைக் கட்டும் பார்சர் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். மரத்தைக் கட்டுவதற்கு முன்பு, ஒவ்வொரு சொல்லும் என்னென்னவாக இருக்கலாம் என்று, சொல்லைப் பகுதி, விகுதி, உருபு எனப் பிரித்துக் காட்டும் உருபனியல் பகுப்பியிடம் கேட்க வேண்டும். தமிழ் மனிதர் கண்ணுக்கு இந்த வாக்கியத்தில் எந்தச் சொல்லிலும் ஐயம் இல்லை. கணினிக்கு அப்படியில்லை.

‘சென்றது’ என்பதை எடுத்துக்கொள்வோம். அது வினைமுற்று. அதே வடிவம் ‘அவன் சென்றது எனக்குத் தெரியாது’ என்ற இடத்தில் பெயராக நிற்கிறது. அப்போது எழுவாயோடு எண், பால் இயைபு எதுவும் தேவையில்லை. ‘அவர்கள் சென்றது தெரியாது’ என்றாலும் சரியே. ‘மீண்டும்’ என்பது ‘மறுபடியும்’ என்ற பொருளில் வினையடை. ‘நோயிலிருந்து மீண்டும் வேலைக்குப் போகவில்லை’ என்னும்போது அது ‘மீள்’ என்ற வினையின் எச்சத்தோடு ‘உம்’ சேர்ந்தது. ‘திருத்தப்பட்டு’ சேர்த்து எழுதப்பட்டால் கவலையில்லை. பலர் ‘திருத்தப் பட்டு’ என்று இடைவெளி விட்டு எழுதுகிறார்கள்; அங்கே ‘பட்டு’ நெய்யும் பட்டாகி, வாக்கியத்தில் புதிதாக ஒரு பெயர்ச்சொல் முளைத்துவிடும். உருபில்லாத பெயர் என்பதால் எழுவாய்ப் போட்டியிலும் சேர்ந்துவிடும்! ‘அச்சுக்குச்’ என்பதில் ஒட்டியிருக்கும் ‘ச்’ அந்தச் சொல்லுக்கு உரியதல்ல, அடுத்த சொல் தந்தது. அதைக் கழற்றினால்தான் நான்காம் வேற்றுமை தெரியும்.

அடுத்தது கட்டமைப்பு. உருபு ஏற்காமல் நிற்கும் பெயர்கள் இரண்டு: ‘உறுப்பினர்கள்’, ‘பிழைகள்’. வினைகள் நான்கு: ‘அனுப்பிய’, ‘இருந்த’, ‘திருத்தப்பட்டு’, ‘சென்றது’. தமிழில் எழுவாய் தொக்கி நிற்கலாம் என்பதால் நான்கு வினைக்கும் எழுவாய் கண்ணெதிரே இருந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. ‘அனுப்பிய’ என்ற பெயரெச்சம் உறுப்பினர்களை எடுத்துக்கொண்டு அறிக்கையைத் தழுவுகிறது. ‘இருந்த’ என்ற பெயரெச்சம் பிழைகளைத் தழுவுகிறது. அதன் எழுவாயும் பிழைகளே. ‘திருத்தப்பட்டு’ என்ற வினையெச்சமும் பிழைகளை எடுத்துக்கொள்கிறது. மிஞ்சி நிற்பது ‘சென்றது’.

பார்சர் வந்தும் அதே விடை

ஜே எர்லி 1970-இல் வெளியிட்ட வழிமுறையை ஒட்டி, இடமிருந்து வலமாகப் பல மரங்களை ஒரே நேரத்தில் வளர்த்துக்கொண்டு போகும் ஒரு பார்சரை எழுதினேன். கண்டிப்பான இலக்கணம்: எழுவாயும் வினைமுற்றும் இயைய வேண்டும், ‘செய்து’ என்னும் எச்சத்துக்கும் அதன் முற்றுக்கும் எழுவாய் ஒன்றாக இருக்க வேண்டும். நம் வாக்கியத்தைக் கொடுத்தேன். மரம் அமையவில்லை. இதுவரை நான் எதிர்பார்த்ததே.

மரம் அமையவில்லை என்பது பிழையைச் சொல்லிவிடாது. என் இலக்கணத்தில் இல்லாத நல்ல வாக்கியமாகவும் அது இருக்கலாம். இந்தச் சிக்கலுக்கு ஒரு நல்ல வழியை ஐபிஎம் ஆய்வகத்தில் 1980-களின் தொடக்கத்திலேயே ஜார்ஜ் ஹைடார்ன், கேரன் ஜென்சன் ஆகியோரின் குழு எபிசில் என்ற அமைப்பில் செய்து காட்டியிருக்கிறது. முதல் சுற்றில் கண்டிப்பு. மரம் கிடைக்காவிட்டால் இரண்டாம் சுற்றில் இயைபு போன்ற நிபந்தனைகளைத் தளர்த்திப் பார்ப்பது. எந்த நிபந்தனையைத் தளர்த்தியதும் மரம் நிற்கிறதோ அதுவே பிழையின் பெயர். பின்னாளில் இவர்கள் மைக்ரோசாஃப்டுக்குப் போனார்கள். வேர்ட் 97-இல் வந்த இலக்கணத் திருத்தி அந்த வழியில் வந்ததே. பிழையை மரத்தின் தோல்வியாகப் பார்க்காமல் எந்தக் கட்டு அறுந்தது என்று பார்ப்பது அருமையான சிந்தனை. அதையே பின்பற்றினேன்.

எண் இயைபைத் தளர்த்தினால் விலை 1. எச்சமும் முற்றும் ஒரே எழுவாயைக் கொள்ள வேண்டும் என்பதைத் தளர்த்தினால் விலை 2. குறைந்த விலையில் எது மரமாகிறதோ அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பார்சர் இரண்டு மரங்களைக் கட்டியது. முதல் மரத்தில் பிழைகளே திருத்தப்பட்டன, பிழைகளே அச்சுக்குச் சென்றன. அறுந்தது எண் இயைபு. இரண்டாம் மரத்தில் பிழைகள் திருத்தப்பட்டன, வேறேதோ ஒன்று அச்சுக்குச் சென்றது. அறுந்தது எழுவாய் ஒருமைப்பாடு. விலை குறைவு என்பதால் முதல் மரம் வென்றது. திரையில் மீண்டும் அதே வரி: ‘சென்றன’ என்று மாற்றுக.

நாலைந்து வரி விதி தந்த விடையையே, பல வாரம் உழைத்து எழுதிய பார்சரும் தந்தது. இந்த நிகழ்வில் என்னை உண்மையில் உலுக்கியது இந்த இடம்தான். எந்த மரத்தையும் கட்டும் திறமை பார்சருக்கு இருந்தது. எந்த மரம் எழுதியவரின் மனத்தில் இருந்தது என்பதை நான் வைத்த விலைப்பட்டியல் தீர்மானித்தது. அந்தப் பட்டியலை ‘கோப்புகள் அனுப்பப்பட்டது’ வகை வாக்கியங்களை மட்டும் பார்த்து வைத்திருந்தேன்.

விதிகளே வேண்டாம், மனிதர்கள் மரம் வரைந்துவைத்த வாக்கியங்களின் தொகுப்பான மரவங்கியில் பயிற்றிய பார்சரை வைக்கலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். பிழை காண்பதற்கு அதில் ஓர் இடைஞ்சல் இருக்கிறது: அப்படிப்பட்ட பார்சர் எந்தச் சொற்கோவையைக் கொடுத்தாலும் ஏதாவது ஒரு மரத்தைத் தந்துவிடும். நல்ல வாக்கியங்களைப் பார்த்தே வளர்ந்ததால் தப்பான வாக்கியத்தையும் நல்ல வாக்கியத்தின் சாயலில் படித்துவிடும். நாம் தேடும் அறுந்த கட்டை அது மூடிவிடுகிறது. தமிழுக்கு, பல மொழி மரவங்கிகளைச் சேர்த்துவைத்திருக்கும் யுனிவர்சல் டிபெண்டன்சிஸ் தொகுப்பில் உள்ள டிடிபி மரவங்கியில் இருப்பவை 600 வாக்கியங்கள். சொற்களின் சார்பை ஆராய அது பெரிய உதவி, எழுவாய் தொக்கிய வாக்கியங்களின் வகைகளையெல்லாம் அதிலிருந்து கற்றுவிட முடியாது.

எச்சத்துக்கும் முற்றுக்கும் இடையில்

திரும்ப இலக்கணத்திடம் போனேன். ‘செய்து’ வாய்பாட்டு எச்சம், முற்று கொள்ளும் வினைமுதலையே தானும் கொள்ள வேண்டும் என்பது தொல்காப்பியத்தின் வினையியல் சொல்வது. உடனே அடுத்து ஒரு விலக்கு வருகிறது: எச்சம் சினையின் (உறுப்பின்) வினையாக இருந்தால், அது சினையோடு முடியாமல் முதலோடு (அந்த உறுப்பை உடையதோடு) முடிந்தாலும் குற்றமில்லை. ‘மாடு கால் ஒடிந்து விழுந்தது.’ ஒடிந்தது கால், விழுந்தது மாடு. எழுவாய் இரண்டு, வாக்கியம் குறையற்றது.

இன்னொன்றும் உண்டு. ‘மழை பெய்து நெல் விளைந்தது.’ பெய்தது மழை, விளைந்தது நெல். சினையும் முதலும்கூட இல்லை. ‘மழை பெய்ய’ என்ற செயவென் எச்சம் ‘பெய்து’ என்று திரிந்து நிற்கிறது என்று நன்னூல் வழியில் விளக்கம் சொல்வார்கள். காரணமும் விளைவும் தெளிவாக இருப்பதால் மொழி இதைத் தாங்கிக்கொள்கிறது.

நன்னூல் வழுக்களைத் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழாக வகுக்கிறது. வழுவைச் சொல்லும் மரபு, எந்த வழுவை ஏற்றுக்கொள்ளலாம் என்னும் வழுவமைதியையும் சேர்த்தே சொல்கிறது. இலக்கணத் திருத்தி எழுதும் நாங்கள் பெரும்பாலும் வழுவை மட்டும் எடுத்துக்கொண்டு அமைதியை விட்டுவிடுகிறோம். பிழையான கோடுகளில் பாதி அங்கிருந்துதான் பிறக்கின்றன என்பது என் அனுபவம்.

இந்த விலக்கு நம் வாக்கியத்துக்கு எப்படிப் பொருந்துகிறது என்று பாருங்கள். எழுதியவர் சொல்ல வந்ததை ஒழுங்காக எழுதினால் இப்படி வரும்:

“ஆய்வுக்குழு உறுப்பினர்கள் அனுப்பிய அறிக்கை, பிழைகள் திருத்தப்பட்டு, மீண்டும் அச்சுக்குச் சென்றது.”

மாடு கால் ஒடிந்து விழுந்த அதே அச்சு. பிழை என்பது அறிக்கையின் உறுப்பு இல்லைதான், அதற்குள் இருப்பது. சினைக்குச் சொன்ன சலுகை உள்ளிருக்கும் பொருளுக்கும் நீள்கிறது என்பது என் துணிபு. இன்றைய உரைநடை முழுக்க அப்படித்தான் நடக்கிறது. இந்தச் சரியான வாக்கியத்தை என் பழைய விதியிடம் கொடுத்தேன். ‘சென்றது’க்கு இடப்பக்கம் முதலில் அகப்படும் உருபில்லாப் பெயர் ‘பிழைகள்’. கோடு விழுந்தது. கண்டிப்பான பார்சரிடம் கொடுத்தேன். எழுவாய் இரண்டு என்று மறுத்தது. திருத்திய வாக்கியத்தையும் திருத்தச் சொல்லும் கருவியை யார் வைத்துக்கொள்வார்கள்?

என்ன மாற்றினேன்

விலைப்பட்டியலை இன்னும் நுணுக்கமாக்கிப் பார்க்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எண்களை இப்படியும் அப்படியும் மாற்றினால் இந்த வாக்கியம் சரியாகும், வேறொன்று கெடும். அந்தப் போக்கை விட்டுவிட்டு, பெயரின் பக்கமிருந்து ஒரு கேள்வி கேட்டேன்: இந்தப் பெயருக்குப் போய்ச் சேர வேறு வினை இருக்கிறதா?

‘கோப்புகள் நேற்றே அனுப்பப்பட்டது’ என்பதில் ‘கோப்புகள்’ போய்ச் சேர ஒரே வினைதான் உண்டு. அதை வினையிலிருந்து பிரித்தால் அநாதையாக நிற்கும். ஆகவே இயைபுப் பிழை உறுதி. கருவி துணிந்து ‘அனுப்பப்பட்டன’ என்று சொல்லலாம். நம் வாக்கியத்தில் ‘பிழைகள்’ ஏற்கனவே ‘திருத்தப்பட்டு’ என்ற எச்சத்தோடு குடியேறிவிட்டது. முற்று அதை விட்டுவிட்டாலும் அது அநாதை ஆகாது. அப்படியானால் முற்றின் எழுவாய் அதுதான் என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. இந்த இடத்தில் மாற்றுச் சொல்லைப் பரிந்துரைப்பதை நிறுத்தினேன்.

பதிலாகக் கருவி இப்படிக் கேட்கிறது:

“எது சென்றது? ‘பிழைகள்’ என்றால் ‘சென்றன’ என்று வரும். வேறொன்று என்றால் அதை எழுவாயாக எழுதுங்கள்.”

இந்த மாற்றத்தில் நான் மிகவும் மதிப்பது இந்த ஒரு வரியைத்தான். தான் எதை எழுவாயாக எடுத்துக்கொண்டது என்பதைக் கருவி முன்பு சொல்லவே இல்லை. ‘எழுவாய் பன்மை’ என்று மட்டும் சொன்னது. எழுவாய் ‘பிழைகள்’ என்று பெயரைச் சொல்லிக் கேட்டிருந்தால், மெய்ப்புப் பார்த்தவர் அந்த நொடியிலேயே ‘அட, அச்சுக்குப் போனது பிழையா’ என்று நிமிர்ந்திருப்பார். அவருக்குத் தமிழ் தெரியும். கருவி எதைப் பற்றிப் பேசுகிறது என்பதுதான் தெரியவில்லை. ஒரு இலக்கணத் திருத்தி தன் மரத்தை மறைத்துக்கொண்டு முடிவை மட்டும் நீட்டக் கூடாது.

இரண்டு எழுவாய் வெளிப்படையாக நிற்கும்போது, முதலில் வருவது முற்றோடு இயைந்து, பின்னது எச்சத்தோடு இயைந்தால், கருவி வாயைத் திறப்பதில்லை. சினையா, முதலா, உள்ளிருக்கும் பொருளா என்று கணினி அறியாது. சில உண்மையான பிழைகள் இந்த வாசல் வழியாக நழுவிப் போகும். போகட்டும் என்பது என் தேர்வு. இலக்கணப் பிழை திருத்தத்துக்காக 2014-இல் நடந்த கோனல் பொதுப்பணியில் (பல குழுக்கள் ஒரே பணியில் தம் கருவிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் போட்டி), கண்டுபிடித்த அளவைவிடக் கண்டுபிடித்ததன் துல்லியத்துக்கு இருமடங்கு எடை தரும் எஃப் 0.5 என்ற அளவுகோலை எடுத்துக்கொண்டார்கள். பொய்க்கோடுகள் பெருகினால் எழுதுபவர் மெய்க்கோடுகளையும் பார்க்காமல் விட்டுவிடுவார் என்பது கருவியைப் பயன்படுத்திய எல்லாருக்கும் தெரியும்.

ஒரு நட்டம் இருந்தது. ‘பறவைகள் கூட்டமாகப் பறந்து வந்தது’ என்பதில் இயைபுப் பிழை ஐயமற்றது. ஆனால் பறவைகள் ‘பறந்து’ என்ற எச்சத்தோடு குடியேறிவிட்டதால், புதிய விதி இங்கும் ‘எது வந்தது?’ என்று கேட்டு எழுதியவரைச் சலிப்பூட்டியது. எச்சமும் முற்றும் இடையில் எந்தச் சொல்லும் இல்லாமல் ஒட்டி நின்றால் இரண்டையும் ஒரே வினைக் கோவையாகக் கொள் என்று சேர்த்ததும் இது சரியாயிற்று. ‘பறந்து வந்தன’ என்று நேராகப் பரிந்துரைக்கிறது. ‘திருத்தப்பட்டு’க்கும் ‘சென்றது’க்கும் நடுவில் ‘மீண்டும் அச்சுக்கு’ உட்கார்ந்திருப்பதால் நம் வாக்கியம் இந்த விதியில் மாட்டுவதில்லை. ‘பிழைகள் திருத்தப்பட்டு வெளியானது’ என்று எழுதினால் மாட்டிக்கொள்ளும். அதனால் எச்சம் செயப்பாட்டு வினையாக இருந்தால் ஒட்டி நின்றாலும் கேள்வி மட்டுமே கேட்கும்படி வைத்திருக்கிறேன். செயப்பாட்டில் செய்தவர் மறைந்துவிடுவதால், எழுவாய் இடறுவது பெரும்பாலும் அங்கேதான்.

இன்னும் திறந்திருப்பது

மூத்த மெய்ப்புத் திருத்துநரிடம் புதிய கருவியைக் கொடுத்தபோது அவர் முதலில் தட்டிப் பார்த்தது இது:

“அறிக்கை நேற்றே வந்துவிட்டது. பிழைகள் திருத்தப்பட்டு இன்று அச்சுக்குச் சென்றது.”

கருவி இரண்டாம் வாக்கியத்தில் நின்று ‘எது சென்றது?’ என்று கேட்டது. “அதான் மேலேயே இருக்கே தம்பி” என்றார் அவர். இருக்கிறதுதான். தமிழ் படிக்கும் யாருக்கும் அந்த அறிக்கை இரண்டாம் வாக்கியத்துக்குள்ளும் தொடர்ந்து நிற்கிறது, வாக்கியம் குற்றமற்றது. என் பார்சருக்கு முற்றுப்புள்ளிக்கு அந்தப் பக்கம் உலகமே இல்லை.

இப்போது முந்தைய வாக்கியத்தின் எழுவாயை ஒரு வாக்கியத் தொலைவுக்குக் கையில் வைத்திருக்கச் செய்திருக்கிறேன். அது முற்றோடு இயைந்தால் கருவி பேசாமல் இருக்கிறது. முந்தைய வாக்கியத்தில் இயையக்கூடிய பெயர்கள் இரண்டு மூன்று இருந்தால் அவற்றை வரிசையாகக் காட்டி, எது சென்றது என்று இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.